குண்டா இருக்கற பிள்ளைய மட்டும் தனியா ஓட விடாதீங்க - ஒரு பி.டி. வாத்தியாரோட அனுபவம்

கோயம்புத்தூர்ல ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல ரொம்ப வருஷமா பி.டி. வாத்தியாரா இருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஆறாங்கிளாஸ் பசங்கள கிரவுண்ட சுத்தி ஒரு ரவுண்டு ஓடச் சொன்னா முடிச்சுட்டு வந்து இன்னொண்ணு ஓடட்டுங்களா சார்னு கேப்பாங்க, இப்ப அதே ரவுண்டுல பாதியிலயே இடுப்புல கைய வெச்சுட்டு மூச்சு வாங்கி நிக்கற பிள்ளைங்க ஒவ்வொரு கிளாஸ்லயும் இருக்காங்க. எங்க ஊரு, எங்க ஸ்கூலு மட்டும் இல்ல. 2025 செப்டம்பர்ல யுனிசெஃப் ஒரு அறிக்கை விட்டாங்க, 5 வயசுலருந்து 19 வயசு வரைக்கும் உலகம் முழுக்கப் பாத்தா எடை கொறஞ்ச பிள்ளைங்கள விட உடல் பருமன் இருக்கற பிள்ளைங்க அதிகமாயிட்டாங்களாம், ஒரு பக்கம் 9.2 சதவீதம், இன்னொரு பக்கம் 9.4 சதவீதம், இப்படி ஆனது இதுதான் மொதல் தடவ. 2000-ல இந்தப் பருமன் கணக்கு வெறும் 3 சதவீதமா இருந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல பெரியவங்க பெண்கள்ல 40 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் எடை கூடுனவங்கதான், அப்ப வீட்ல எல்லாருமே ஒரே சாப்பாடு ஒரே சோஃபான்னு இருக்கும்போது பிள்ளைய மட்டும் புடிச்சு நீ ஏன் இப்படி இருக்கேன்னு கேக்கறதுல என்ன நியாயம் இருக்கு சொல்லுங்க.

இந்த வேலையில இருந்து நான் புரிஞ்சுகிட்டது ஒண்ணுதான், குண்டா இருக்கற பிள்ளைய தனியா இழுத்து நிறுத்தி சரிபண்ண முடியாது, ஸ்கூலோட ஒரு நாள் எப்படி ஓடுதோ அத எல்லாப் பிள்ளைக்கும் சேத்து மாத்துனாத்தான் நடக்கும். எங்க ஸ்கூல்ல கொஞ்சம் கொஞ்சமா என்ன செஞ்சோம், எங்க முட்டிகிச்சுன்னு எழுதறேன், யாருக்காவது உபயோகப்படும்.

மொதல்ல எடை பாக்கறதப் பத்தி சொல்லணும், ஏன்னா நெறைய ஸ்கூல்ல தடுப்புங்கறதே இந்த எடத்துல ஆரம்பிச்சு இந்த எடத்துலயே முடிஞ்சுபோகுது. வருஷத்துக்கு ஒரு தடவ ஹெல்த் செக்கப், கிளாஸ் மொத்தமும் லைன்ல நிக்கும், ஒருத்தர் மெஷின்ல ஏத்தி நம்பரச் சத்தமா சொல்லுவாங்க இன்னொருத்தர் எழுதிக்குவாங்க, ஐம்பத்தெட்டுன்னு சொன்னதும் பின்னால ஒரு சிரிப்பு கேக்கும். அடுத்த வருஷம் செக்கப் அன்னிக்கு அந்தப் பொண்ணு வயித்துவலின்னு லீவு போட்டுரும். யாரப் பாக்கணும்னு செக்கப் வெக்கறமோ அவங்களே வர்றதில்ல. இத மாத்தணும்னு பிரின்சிபல் மேடம்கிட்ட பேசி, இப்ப லேப் ரூம்ல ஸ்க்ரீன் கட்டி ஒருத்தர் ஒருத்தரா உள்ள போறாங்க, நம்பர் வாயில வராது, சீட்டுல எழுதி ஒட்டி அப்பா அம்மா கைக்குத்தான் போகும். அந்தச் சீட்டு எல்லாருக்கும் போகும், ஒல்லிக்கும் போகும் சரியா இருக்கறவனுக்கும் போகும், அதனால சீட்டு வாங்குனவன்னு யாரையும் கிண்டல் பண்ண முடியாது.

இன்னொரு விஷயம், உயரத்துக்கு ஏத்த எடைதானான்னு பெரியவங்களுக்குப் பாக்கற பிஎம்ஐ கணக்க அப்படியே பிள்ளைங்களுக்குப் போடக்கூடாது. நெறைய பேரு நெட்ல இருக்கற கால்குலேட்டர்ல எடையும் உயரமும் போட்டு 21 வருது நார்மல்தான் சார்னு சொல்றாங்க, எட்டு வயசுப் பிள்ளைக்கு 21ங்கறது நார்மலே இல்ல. வயசுக்கும் ஆணா பொண்ணாங்கறதுக்கும் ஏத்த மாதிரி தனி சார்ட் இருக்கு, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல போட்டது, நம்ம பிள்ளைங்களுக்கு அதத்தான் பாக்கணும். சார்ட் இல்லேன்னா வீட்லயே ஒரு வழி இருக்கு, பிள்ளையோட உயரத்துக்கு ஒரு நூல எடுத்துக்கோங்க, அத ரெண்டா மடிச்சு தொப்புளுக்குக் கொஞ்சம் மேல வயித்தச் சுத்திப் பாருங்க, முனையும் முனையும் தொடலேன்னா டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்க. அப்புறம் கழுத்து. பின்கழுத்துல அக்குள்ல வெல்வெட் மாதிரி கருப்பா தடிச்சு இருந்தா அது அழுக்கு இல்லீங்க, பாசிப்பயறு மாவு போட்டுத் தேச்சுத் தேச்சு பிள்ளைக்குத் தோல் எரியறதுதான் மிச்சம், பெரும்பாலும் இன்சுலின் ஒழுங்கா வேல செய்யலேங்கறதுக்கான அறிகுறி அது. பத்து பன்னெண்டு வயசுலயே இதப் பாக்கறேன், அம்மாங்களக் கூப்ட்டு மெதுவா சொல்றேன், பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

சரி, என்னோட வேலைக்கு வர்றேன். டைம்டேபிள்ல வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட், ஒவ்வொண்ணும் 40 நிமிஷம். கிளாஸ்லருந்து லைன்ல வந்து சேர்றதுக்குப் பத்து நிமிஷம், திரும்பிப் போக தண்ணி குடிக்கப் பத்து நிமிஷம், மிச்சம் இருக்கற இருபதுலயும் போர்ஷன் முடியல சார் இன்னிக்கு மட்டும் குடுங்கன்னு மேத்ஸ் மிஸ்ஸு வந்து நிப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்லுதுன்னா 5லருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்கற அளவுக்கு ஓடியாடணும், நாங்க வாரத்துக்குக் குடுக்கறதே 40ஐத் தாண்டாது. பீரியட கூட்டிக் கேட்டா எந்த மேனேஜ்மென்ட்டும் குடுக்காது, நானும் கேட்டுப் பாத்தேன். அதனால வேற வழி புடிச்சோம். ஸ்காட்லாந்துல ஸ்டிர்லிங்ல ஒரு ஆரம்பப் பள்ளியில 2012-ல ஆரம்பிச்ச டெய்லி மைல்னு ஒண்ணு இருக்கு, எலெய்ன் வைலின்னு அந்த ஸ்கூல் தலைமை ஆசிரியை ஆரம்பிச்சது, தினமும் 15 நிமிஷம் எல்லாப் பிள்ளையும் வெளிய போயி அவங்கவங்க வேகத்துல ஓடணும் இல்ல நடக்கணும், டிரஸ் மாத்தறது கிடையாது, போட்டி கிடையாது, விசில் கிடையாது. இத நாங்க காலையில பிரேயர் முடிஞ்ச கையோட வெச்சோம், கிளாஸ் டீச்சரும் கூடவே நடக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க, அதுதான் பெரிய உதவி, டீச்சர் நடந்தா பிள்ளைங்களும் நடக்கும்.

இதுல சின்னச் சின்ன விஷயம்தான் உயிரே. பிளாக் ஷூ போட்டுட்டு ஓட முடியாது, அதனால எல்லா நாளும் ஸ்போர்ட்ஸ் ஷூ போடலாம்னு ரூல மாத்துனோம். பெரிய பொண்ணுங்களுக்குச் சுடிதார் ஷாலு பெரிய தொந்தரவு, அதுக்குப் பதிலா மேல கோட்டு மாதிரி போடறதக் கொண்டுவந்தப்புறம்தான் எட்டாவது ஒன்பதாவது பொண்ணுங்க நெஜமாவே ஓட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி ஷால புடிச்சுட்டு ஓரமா நின்னு பேசிட்டு இருப்பாங்க. பிப்ரவரி பாதியிலருந்து வெயில் ஏறிரும், அப்ப ஒன்பது மணிக்கு முன்னாடி முடிச்சரணும், இல்லேன்னா மரத்தடியில நடக்க மட்டும் விடணும். எட்டு, பத்து நாள்ல பிள்ளைங்களே பழகிருவாங்க, டீச்சருங்களுக்குத்தான் கொஞ்சம் நாளாகும். மொத பீரியட்ல பசங்க தூங்கறது கொறஞ்சிருக்குன்னு அதே மேத்ஸ் மிஸ்ஸு வந்து சொன்னாங்க, அதுலருந்து என்னோட பி.டி. பீரியட கேக்கறதும் கொறஞ்சுருச்சு.

பி.டி. வாத்தியாருங்க யாராவது படிச்சா இத முக்கியமா பாருங்க. அவுட் ஆனா வெளிய உக்காரணும்ங்கற விளையாட்டு எதா இருந்தாலும், குண்டா இருக்கற பிள்ளதான் மொதல்ல அவுட் ஆகும், யாருக்கு ஓட்டம் ரொம்ப வேணுமோ அந்தப் பிள்ள நாப்பது நிமிஷத்துல முப்பத்தஞ்சு நிமிஷம் உக்காந்து வேடிக்க பாக்கும். அதனால நான் அவுட்ங்கறதயே எடுத்துட்டேன், ஏழு கல்லு விளையாடுனா பந்து பட்டவன் கிரவுண்டோட அந்த முனையத் தொட்டுட்டு மறுபடி ஆட்டத்துல சேந்துக்கலாம், கிளித்தட்டும் அப்படித்தான். கேப்டன் ரெண்டு பேரு நின்னு ஆளப் பொறுக்கறதயும் விட்டாச்சு, கடசியா யாரும் எடுக்காம நிக்கற பிள்ள மொகத்தப் பாத்தவங்களுக்குத் தெரியும் ஏன்னு. எல்லாத்துக்கும் மேல, ஓட்டத்த தண்டனையா குடுக்கவே குடுக்காதீங்க. லேட்டா வந்தியா ரெண்டு ரவுண்டு ஓடு, ஹோம்வொர்க் செய்யலியா மூணு ரவுண்டு ஓடுன்னா அந்தப் பிள்ளைக்கு ஓடறதுன்னாலே தப்பு பண்ணுனதுக்குக் கெடைக்கறதுன்னு மனசுல பதிஞ்சுரும், இருபது வயசுல எப்படிங்க தானா ஷூவ மாட்டிட்டு கெளம்புவான்.

இப்ப கேன்டீன். இதுலதான் எங்களுக்கு ரொம்ப இழுத்துச்சு. எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு பேக்கரி, பப்ஸும் தேங்கா பன்னும் க்ரீம் பன்னும் காலையில டிரேல வந்து எறங்கும், கேன்டீன்காரருக்கு அத எடுத்துக் குடுத்தா போதும், ஆள் வேண்டாம் அடுப்பு வேண்டாம் மிஞ்சுனா பேக்கரிக்காரரே திருப்பி எடுத்துக்குவாரு. சுண்டல் போடுங்கன்னு சொல்றது சுலபம், ஆனா ராத்திரியே ஊற வெக்கணும், வேக வெக்கணும், தாளிக்கணும், விக்கலேன்னா சாயங்காலம் கொட்டணும். இத யோசிக்காம சர்க்குலர் மட்டும் அனுப்புனா ஒரு வாரத்துக்கு சுண்டல் வரும், அப்புறம் பப்ஸ் வந்துரும். சட்டம் இருக்குங்க, 2020-ல மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ கொண்டுவந்த விதி, கொழுப்பு உப்பு சக்கரை அதிகமா இருக்கறத ஸ்கூலுக்குள்ளயும் கேட்லருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளயும் விக்கக்கூடாது, விளம்பரமும் வெக்கக்கூடாது. அத பிரின்ட் எடுத்து எங்க கேன்டீன் அண்ணன்கிட்ட காட்டுனப்ப அவரு சொன்னாரு, "சட்டமெல்லாம் சரிங்க சார், மிஞ்சுனா நட்டம் யாருதுங்க?" அது நியாயமான கேள்வி. அதனால ரெண்டு செஞ்சோம், ஒண்ணு கேன்டீன் வாடகைய ஸ்கூல் கொறச்சுக்கிச்சு, இன்னொண்ணு மொத நாளே ஒவ்வொரு கிளாஸ் லீடரும் நாளைக்கு சுண்டல் எத்தன, வேகவெச்ச கடல எத்தன, முட்ட எத்தனன்னு சீட்டுல எழுதிக் குடுத்துருவாங்க. கணக்கு கைல இருந்தா அவரு தைரியமா செய்வாரு. மோரு யாரும் குடிக்க மாட்டாங்கன்னு நெனச்சோம், மே மாசம் வரைக்கும் தெனமும் தீந்துபோச்சு. கம்மங்கூழ் எங்க பிள்ளைங்ககிட்ட எடுபடல, விட்டுட்டோம். பாக்கெட் ஜூஸையும் சோடாவையும் முழுசா நிறுத்தியாச்சு, அதுல மட்டும் யாருக்கும் விட்டுக்குடுக்கல.

கேட்டுக்கு வெளிய கொய்யா வெள்ளரி விக்கற அம்மா ஒருத்தங்க வருவாங்க, செக்யூரிட்டி அவங்கள வெரட்டிட்டே இருப்பாரு, ஆனா எதுத்த கடையில தொங்கற பாக்கெட்டப் பத்தி யாரும் எதும் சொல்றதில்ல. அந்த அம்மாவ கேட்டு நெழல்லயே நிக்க விட்டோம், உப்பு மொளகாப்பொடி கொஞ்சமா போடுங்கம்மான்னு மட்டும் கேட்டுக்கிட்டோம். எதுத்த கடைக்காரரு ஒண்ணும் மாறல, நேர்ல சொல்லியும் பாத்தாச்சு.

பொறந்தநாள் சாக்லேட் விஷயம் சண்டையாவே ஆச்சு. "வருஷத்துல ஒரே ஒரு நாளுதானுங்க சார், அதுக்கும் விடமாட்டீங்களா"ன்னு பிடிஎம்ல, அதான் பேரன்ட்ஸ் டீச்சர்ஸ் மீட்டிங்ல, ஒரு அப்பா கேட்டாரு. அவரு பையனுக்கு ஒரு நாள்தான், ஆனா கிளாஸ்ல 40 பேருங்க, ஸ்கூல் நடக்கறதே சுமாரா 200 நாள், அப்ப அஞ்சு நாளைக்கு ஒரு தடவ ஒவ்வொரு பிள்ளைக்கும் சாக்லேட்டோ கேக்கோ வருது, இதுல ஸ்டாஃப் ரூமுக்கு வர்றது தனி. போர்டுல இந்தக் கணக்கப் போட்டுக் காட்டுனப்புறம்தான் நெறைய அம்மாங்க ஒத்துக்கிட்டாங்க. இப்ப பொறந்தநாள் பிள்ள அன்னிக்கு என்ன விளையாட்டுன்னு முடிவு பண்ணும், கிளாஸ் மொத்தமும் அதத்தான் விளையாடணும். பிள்ளைங்களுக்கு இந்த அதிகாரம் ரொம்பப் புடிச்சுருச்சு, சாக்லேட்டக் கேக்கறது பெரியவங்கதான்.

2025 மே மாசம் சிபிஎஸ்இ எல்லா ஸ்கூல்லயும் எதுல எவ்வளவு சக்கரை இருக்குன்னு காட்டற சுகர் போர்டு வெக்கச் சொல்லி சர்க்குலர் அனுப்புச்சு. நெறைய எடத்துல அது நல்லா பளபளன்னு பிரின்ட் போட்டு மாட்டி வெச்சதோட சரி. எங்க சயின்ஸ் மிஸ்ஸு நல்லா செஞ்சாங்க, காலி பாட்டிலையும் பாக்கெட்டையும் வீட்லருந்து கொண்டுவரச் சொல்லி, பின்னால இருக்கற லேபிளப் படிச்சு எத்தன கிராம் சக்கரையோ அத அஞ்சால வகுத்து, அத்தன ஸ்பூன் சக்கரைய பிள்ளைங்களே சின்ன கவர்ல போட்டுக் கட்டித் தொங்கவிட்டாங்க. 250 மில்லி கூல்ட்ரிங்க்ஸ்னா அஞ்சு ஸ்பூன் வரும். ஒன்பது பத்து வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,600 கலோரின்னு வெச்சா, அதுல சக்கரை 5 சதவீதத்தத் தாண்டக்கூடாது, அது 20 கிராம், நாலு ஸ்பூனுதான் ஒரு நாள் பூராவுக்கும். தானே அளந்து கட்டுன பிள்ள வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட அந்தக் கணக்கச் சொல்லுது, அது நான் மைக்குல பேசறத விட எவ்வளவோ மேல். பால்ல கலக்கற மால்ட் பவுடர் லேபிளயும் படிச்சாங்க, பல அம்மாங்களுக்கு அதுதான் அதிர்ச்சி, சத்துன்னு நெனச்சு ரெண்டு வேளையும் குடுத்துட்டு இருந்தாங்க. 2024 ஏப்ரல்ல மத்திய அரசே இந்த மாதிரி பானங்கள ஹெல்த் ட்ரிங்க்னு ஆன்லைன்ல போட்டு விக்கக்கூடாதுன்னு சொல்லிருக்கு, ஆனா அந்தச் செய்தி வீட்டுச் சமையக்கட்டு வரைக்கும் வரல.

காலைச் சாப்பாடுதான் இதுக்கெல்லாம் வேரு. வேன் ஏழு மணிக்கு வந்துரும், பிள்ள ஒரு டம்ளர் பாலோட ஏறும், பத்தரைக்கு இன்டர்வெல் விடறப்ப கண்ணு இருட்டற பசி, அந்த நேரத்துல கையில இருபது ரூவா இருந்தா எந்தப் பிள்ளையும் பப்ஸத்தான் வாங்கும், அதக் குத்தம் சொல்லி என்ன பண்ண. நாங்க ஒன்பதே முக்காலுக்குப் பத்து நிமிஷம் விட்டோம், வீட்லருந்து கொண்டுவந்தது மட்டும்தான், கிளாஸ்லயே உக்காந்து சாப்டணும், கேன்டீன் தொறக்காது. ரெண்டு இட்லியோ ஒரு வாழப்பழமோ அவிச்ச முட்டையோ எதாவது ஒண்ணு. இந்தப் பத்து நிமிஷம் வந்தப்புறம் பப்ஸ் வியாபாரம் தானா எறங்குச்சு. இதே கோயம்புத்தூர்ல கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் காலையில உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா சாம்பாரோட கெடைக்குது, 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம், ஃபீஸ் கட்டிப் படிக்கற எங்க பிள்ளைங்க வெறும் வயித்தோட வர்றாங்க.

பாட்டிங்களப் பத்தி சொல்லாம விட முடியாது. மீட்டிங்குக்கு அப்பா அம்மாவக் கூப்படறோம், ஆனா மத்தியானம் வேன்லருந்து எறங்கற பிள்ளைக்கு முறுக்கும் மிக்சரும் தட்டுல போட்டுக் குடுக்கறது பாட்டிதான். "ஏனுங் வாத்தியாரே, எம்பேரன் எளச்சுப் போயிட்டானுங்"னு ஒரு அம்மச்சி எங்கிட்டயே வந்து வருத்தப்பட்டாங்க, அந்தப் பையன் சார்ட்ல எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்ட பருமன், கலோரின்னு பேசுனா கோவம் வரும், நீங்க உங்க காலத்துல சாயங்காலம் என்னங்கம்மா சாப்டீங்கன்னு கேட்டேன், வேகவெச்ச கெழங்கு, பச்சக்கடல, தட்டப்பயறு, அவங்களே வரிசையா சொன்னாங்க, அதயே குடுங்கம்மா போதும்னேன். அதுலருந்து கிராண்ட் பேரன்ட்ஸ் டேல இதுக்குன்னே அரமணி நேரம் ஒதுக்கறோம்.

பிள்ளைய பட்டினி போடறது, டயட் சார்ட் ஒட்டறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வளர்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடைய கொறைக்கவே தேவையில்ல, எடை ஏறாம புடிச்சு வெச்சா உயரம் வளர வளர தானா சரியாகி வரும், ரொம்ப அதிகமா இருந்தா குழந்தைகள் டாக்டர் பாத்துக்குவாரு. வீட்லயும் ஸ்டாஃப் ரூம்லயும் குண்டா, தடியான்னு செல்லமாக்கூட கூப்படாதீங்க. எங்க ஸ்கூல்ல டீச்சருங்க பிள்ளைங்க ஒடம்பப் பத்தி நல்லதாவோ கெட்டதாவோ எதுவுமே சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணுனோம், எளச்சுட்டியே சூப்பர்னுகூட சொல்லக்கூடாது, ஏன்னா அதக் கேக்கற பக்கத்துப் பிள்ளைக்கு அது வேற மாதிரி விழும்.

பலன் என்னன்னு கேப்பீங்க. எல்லாரும் ஒல்லியாயிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், சில பிள்ளைங்க சார்ட்ல அதே எடத்துலதான் இருக்காங்க. ஆனா அவங்க இப்ப அந்த ரவுண்ட நிக்காம முடிக்கறாங்க, செக்கப் அன்னிக்கு லீவு போடறதில்ல, பி.டி.ன்னா தலவலின்னு சீட்டு கொண்டுவர்றது ரொம்பக் கொறஞ்சுபோச்சு. எனக்கு இது பெருசு.

முடியாம நிக்கறது பத்தாவதும் பன்னெண்டாவதும்தான். ஜூன்லருந்தே ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ட்யூஷன், ராத்திரி பன்னெண்டு வரைக்கும் முழிப்பு, எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டிய வயசுல அஞ்சு மணி நேரம் தூங்கறாங்க, தூக்கம் கெட்டா பசியும் கெடும், நைட்டு ரெண்டு மணிக்கு நூடுல்ஸ் கிண்டறாங்க. ஒன்பதாவது வரைக்கும் நாங்க சேத்து வெச்சது இந்த ரெண்டு வருஷத்துல கரையறத கண்ணால பாக்கறேன். காலையில அந்த 15 நிமிஷத்த மட்டுமாவது பத்தாவதுக்கும் விடுங்கன்னு இந்த வருஷம் மறுபடியும் கேட்டிருக்கோம். மேனேஜ்மென்ட் சொல்ற பதில் எப்பவும் ஒண்ணுதான், பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க சார். அதனால பேரன்ட்ஸா இருக்கறவங்ககிட்ட நான் கேக்கறது, அடுத்த பிடிஎம்ல மார்க்கு பேசி முடிச்சதும் கிளாஸ் டீச்சர்கிட்ட போன மாசம் பி.டி. பீரியட் நெஜமா எத்தன நடந்துச்சு, எத்தன வேற சப்ஜெக்ட்டுக்குப் போச்சுன்னு கேளுங்க, பதில டைரியில எழுதித் தரச் சொல்லுங்க. ஒரு கிளாஸ்ல நாலு பேரன்ட்ஸ் இதக் கேட்டா போதும், எங்கள மாதிரி ஆளுங்க உள்ள பேசறதுக்கு அது பெரிய பலம்.